படைக்குச் சொந்தமான குச்சி

எங்கள் படைப்பிரிவில் பெண்களுக்கு முழுச் சுதந்திரம் உண்டு. இதை நானாகச் சொல்லவில்லை. கர்னலே எங்களை மைதானத்தில் உயர வரிசையில் நிற்க வைத்து மைக்கில் சொன்னார். பிள்ளை வேண்டுமா வேண்டாமா, வேண்டாம் என்றால் எந்த வழியில் வேண்டாம் என்பதையெல்லாம் இனிமேல் பெண் சிப்பாய்களே முடிவு செய்துகொள்ளலாம் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. அதற்கென்று ஒரு நாளை ஒதுக்கி, தேர்வு நாள் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். உத்தரவு என்று வந்துவிட்டால் எங்கள் ஆட்கள் சுதந்திரத்தைக்கூட விசில் அடித்துத்தான் கொடுப்பார்கள்.

மைதானத்து ஓரத்தில் நீள மேஜை. துப்பாக்கி உதிரி பாகங்களைப் பரப்புகிற அதே பச்சைத் துணியை விரித்து, அதன் மேல் மாத்திரை அட்டை, ஊசி மருந்து, காப்பர் டி, ஆணுறை, கைக்குள் வைக்கிற குச்சி என்று எல்லாவற்றையும் ஸ்கேல் வைத்து அளந்ததுபோல அடுக்கியிருந்தார் ஸ்டோர் சார்ஜென்ட். சும்மா சொல்லக்கூடாது, பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. ஒவ்வொருத்தியாக மேஜை முன்னால் போய் நின்று, சல்யூட் அடித்து, தனக்கு வேண்டியதைக் கைகாட்ட வேண்டும்.

எனக்கு முன்னால் நின்றவள் டயர் அக்கா. லாரி ஓட்டுகிறவள். நடுரோட்டில் யார் தயவும் இல்லாமல் ஒற்றை ஆளாக டயர் மாற்றிவிடுவாள், அதனால் அந்தப் பெயர். எனக்கு வயர்லெஸ்ஸில் வேலை. இரண்டு பேருக்கும் ஒரே அறை. அவள் வீட்டுக்காரர் டவுனில் கண்ணாடி வெட்டும் கடை வைத்திருக்கிறார். அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

கல்யாணமாகி ரொம்ப காலம் கழித்து அக்காவுக்கு ஒன்று தங்கியது. வாயைத் திறந்தால் லாரியிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று யாரிடமும் சொல்லாமல் பயிற்சிக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போனாள். பாதையா அது, குண்டும் குழியும். வழியிலேயே கலைந்துவிட்டது. லாரியைக் கொண்டுவந்து அதன் இடத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்ட பிறகுதான் இறங்கினாள். உடம்பு தேற ஒரு வருஷம் பொறுத்துக்கோ, அதற்கு மேல் ஒரு மாசம்கூடத் தள்ளாதே, நாற்பதை நெருங்குகிறாய் என்று டவுன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா கண்டித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். ஆக, அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒரு வருஷத்துக்கு ஒரு தடுப்பு. நினைத்தபோது நிறுத்திக்கொள்ளலாமே என்று மாத்திரை அட்டையைக் காட்டினாள்.

"அது ஸ்டாக் இல்லம்மா," என்றார் ஸ்டோர் சார்ஜென்ட்.

"இதோ இருக்கே சார்?"

"இது பார்வைக்கு."

பக்கத்தில் நின்ற மேஜர் பெருந்தன்மையோடு விளக்கினார். "மாத்திரையை தினமும் ஒரே நேரத்துல சாப்பிடணும். சண்டை நடக்கும்போது, அம்மா மாத்திரை போட்டுக்கட்டும்னு எதிரி சுடறதை நிறுத்துவானா?"

"அப்ப ஊசி சார்?"

"ஊசி மருந்தை ஃப்ரிட்ஜ்ல வைக்கணும். நம்மகிட்ட ஃப்ரிட்ஜ் இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா அது அதிகாரிகள் மெஸ்ஸுல இருக்கு. ஐஸ்கிரீம் வச்சிருக்கோம்."

காப்பர் டி வைக்கத் தெரிந்த ஒரே ஆளை குதிரைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்களாம். வரிசையின் கடைசியிலிருந்து ஒரு சின்னப் பெண் தைரியமாக ஆணுறையைப் பற்றிக் கேட்டுவிட்டாள். மேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. "அது ஆண்களோட சுதந்திரம். அதுல நாம மூக்கை நுழைக்கக் கூடாது."

மிஞ்சியது குச்சி. தீக்குச்சி நீளம்தான் இருக்கும். இடது கையின் உள்பக்கம் தோலுக்கடியில் செருகிவிட்டால் மூன்று வருஷத்துக்குக் கவலை இல்லை.

"எனக்கு ஒரு வருஷம் போதும் சார்," என்றாள் அக்கா.

"எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாம்மா. கை உன் கை," என்றார் மேஜர்.

அன்றைக்கு அத்தனை பெண்களும் குச்சியையே தேர்ந்தெடுத்தோம். எல்லோரும் ஒரே முறையைத் தேர்ந்தெடுத்தது எங்கள் ஒற்றுமையைக் காட்டுகிறது என்று சொன்ன கர்னலுக்குக் குரல் தழுதழுத்தது.

கையில் குச்சி ஏறிய மறுவாரமே அதன் சங்கடம் ஆரம்பித்தது. எங்கள் படையில் எந்தப் பொருளும் இரண்டு ஜாதி. சோப்பு, மெழுகுவத்தி மாதிரித் தீர்ந்துபோகிற பொருள் ஒன்று, துப்பாக்கி, பக்கெட் மாதிரித் தீராத பொருள் இன்னொன்று. மாத்திரையை முழுங்கினால் தீர்ந்துவிடும். குச்சி அப்படியே இருக்கும். ஆகவே ஸ்டோர் சார்ஜென்ட் ரொம்ப யோசித்து அதைத் துப்பாக்கியோடு சேர்த்துவிட்டார். துப்பாக்கியோடு சேர்த்த பொருளை வாராவாரம் சோதிக்க வேண்டாமா? முதல் வாரம் அவரே விரலால் எங்கள் கையைத் தடவிப் பார்க்கப் புறப்பட்டு, சமையல்கார அக்காவிடம் ஒரு அறை வாங்கினார். அதற்கப்புறம் முறை மாறியது. நாங்கள் வரிசையில் நின்று, வலது கை விரலால் இடது கையை அமுக்கிப் பார்த்து, "இருக்கு, சார்!" என்று கத்த வேண்டும். மழையோ வெயிலோ, ஒரு வரிசைப் பெண்கள் தங்கள் கையைத் தாங்களே அமுக்கிக்கொண்டு இருக்கு சார், இருக்கு சார் என்று கத்துவதை வேலிக்கு வெளியே பஸ்ஸுக்கு நிற்பவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

ஒரு வருஷம் ஓடியது. அக்கா எங்கள் பிரிவின் ஆஸ்பத்திரி அறைக்குப் போய் நர்ஸிடம் எடுத்துவிடச் சொன்னாள். நானும் கூடப் போயிருந்தேன். நர்ஸ் நல்ல மாதிரி. "உட்காருங்க, ஒரு சின்னக் கீறல், டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடும்," என்று கையுறை மாட்டினாள். அந்த நேரம் பார்த்து ஸ்டோர் சார்ஜென்ட் உள்ளே வந்தார். அவருக்கு வயிற்று வலி. எங்களைப் பார்த்ததும் வலி பறந்துவிட்டது.

"என்ன பண்றீங்க? படைச் சொத்தும்மா அது! ஆயுசு முடியாம எப்படி எடுப்பீங்க? கழிவு வாரியம் உட்காரணும்."

"மேஜர் சார் எப்ப வேணும்னாலும் எடுக்கலாம்னாரே?" என்றாள் அக்கா.

"எடுக்கலாம். யாரு வேண்டாம்னா? வாரியம் உட்கார்ந்த பிறகு, எப்ப வேணும்னாலும் எடுக்கலாம்."

ஓட்டை பக்கெட்டையும் கிழிந்த கூடாரத்தையும் பார்த்து, இது இனி உதவாது என்று தீர்ப்புச் சொல்கிற மூன்று பேர்தான் கழிவு வாரியம். மேஜர் தலைவர். டாக்டர் கேப்டனும் ஸ்டோர் சார்ஜென்ட்டும் உறுப்பினர்கள். பெண் சம்பந்தப்பட்ட பொருள் என்பதால் ஒரு பெண் அதிகாரியும் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. நல்ல விதி. எங்கள் பிரிவில் இருந்த ஒரே பெண் அதிகாரி பிரசவ விடுப்பில் போயிருந்தார். அதிகாரிகளுக்குக் குச்சி கிடையாது. அவர்களுடைய சுயகட்டுப்பாட்டின் மேல் படைக்கு நம்பிக்கை உண்டு.

ஆக, பிள்ளை பெற்றுக்கொள்ளக் கேட்டவள், பிள்ளை பெற்றவள் திரும்பி வரும்வரை காத்திருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. அக்கா மட்டும், "பாவம், பச்சை உடம்புக்காரங்க, நிதானமா வரட்டும்," என்றாள். அந்த மாதங்களில் அவள் லாரியை வெறித்தனமாகத் துடைப்பாள். ஞாயிற்றுக்கிழமை மாமா கேட் பக்கம் வந்து நிற்பார். இரண்டு பேரும் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பொட்டலம் கடலையைக் கொறிப்பார்கள். ஒருநாள் மாமா என்னிடம், "எல்லாம் ஆயிடும்ல?" என்று கேட்டார். ஆகாமல் எங்கே போகும் மாமா என்றேன். வேறு என்ன சொல்வது?

ஒருவழியாக வாரியம் கூடியது. அக்கா விறைப்பாக நின்றாள். சாட்சி தேவைப்பட்டால் கூப்பிட என்னையும் கதவோரம் நிற்க வைத்திருந்தார்கள்.

"பொருள் பழுதாயிருக்கா?" என்று ஆரம்பித்தார் மேஜர்.

"இல்ல சார். நல்லா வேலை செய்யுது."

"நல்லா வேலை செய்யற பொருளை எப்படிம்மா கழிக்கறது?"

"கழிச்சா ஆடிட்காரன் என் தோலை உரிச்சிடுவான் சார்," என்றார் ஸ்டோர் சார்ஜென்ட். தோல் பற்றி அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது போலிருந்தது.

டாக்டர் கேப்டன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மருத்துவ ரீதியாக ஒரு வழி சொன்னார். "இந்தப் பொருள் பழுதுன்னு நிரூபிக்க ஒரே வழிதான். நீங்க கர்ப்பமாகி வாங்க. வந்தா அந்த நிமிஷமே எடுத்துடலாம்."

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "சார், கர்ப்பமாகத்தானே சார் எடுக்கச் சொல்றேன்?"

"அதான் வழி சொல்லியாச்சே," என்றார் மேஜர். "படை உங்களைக் கைவிடாது. நீங்க முயற்சி பண்ணணும்."

பெண் அதிகாரி அதுவரை மேஜையில் கிடந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அவர் குழந்தையின் படம் இருந்தது. இப்போது நிமிர்ந்து கனிவாகச் சொன்னார். "நானும் ஒரு தாய். ஒரு பொண்ணோட ஏக்கம் எனக்குத் தெரியாதா? தெரியறதாலதான் சொல்றேன், பொண்ணுன்னு சலுகை காட்டக் கூடாது. காட்டினா நாளைக்கு நம்மள யாரும் மதிக்க மாட்டாங்க." ஆண்கள் மூன்று பேரும் மேஜையைத் தட்டினார்கள்.

கெட்ட வார்த்தை ஒன்று என் தொண்டை வரை வந்து நின்றது. நல்லவேளை, சாட்சிக்கு என்னைக் கூப்பிடவில்லை.

வாரியம் விஷயத்தைத் தலைமையகத்துக்குத் தள்ளிவிட்டது. அது கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்து, ஒரு மழைக்காலம் கழித்துப் பதில் வந்தது. பொருளை மத்தியப் பணிமனைக்குப் பரிசோதனைக்கு அனுப்பவும், சேதமில்லாமல் அனுப்பவும் என்று. எடுக்காமல் அனுப்ப முடியாது, அனுப்பாமல் எடுக்க முடியாது. மற்றவர்கள் என்றால் தலையில் கை வைத்திருப்பார்கள். ஸ்டோர் சார்ஜென்ட் அசரவில்லை. குச்சியைப் பொருள் என்றும் அக்காவை அதைச் சுற்றிய உறை என்றும் எழுதி, அவள் மணிக்கட்டில் ஒரு அட்டையைக் கட்டிவிட்டார். பழுதான துப்பாக்கிகளோடு உறையும் லாரியில் போனது. லாரியை ஓட்டியதும் உறைதான்.

பணிமனை வாசலில் துப்பாக்கிகளை இறக்கி எண்ணிவிட்டு, அக்காவையும் எண்ணி உள்ளே எடுத்துக்கொண்டார்கள். பீரங்கிக் குழாயில் விரிசல் பார்க்கிற மெஷினில் அவள் கையை வைத்துப் பார்த்தார்களாம். பார்த்தவர் வயசானவர். "உன் மாதிரி ஒரு பொண்ணு எனக்கும் இருக்கும்மா, கையை ஆட்டாதே," என்றாராம். திரும்பி வந்து இதைச் சொல்லும்போது அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பரிசோதனை முடிவை மேஜர் அணிவகுப்பில் பெருமையோடு வாசித்தார். பொருள் மிகச் சிறந்த நிலையில் உள்ளது. பராமரித்த சிப்பாயைப் பாராட்டுகிறோம். இவ்வளவு நல்ல பொருளை மூன்று வருஷத்தில் எறிவது வீண் என்பதால் அதன் ஆயுசு மேலும் ஒரு வருஷம் நீட்டிக்கப்படுகிறது. எல்லோரும் கை தட்ட வேண்டியிருந்தது, தட்டினோம். அக்காவும் தட்டினாள். கையை அமுக்கி இருக்கு சார் என்று கத்தும்போது அவள் குரல் மட்டும் அதற்கப்புறம் வெளியே வரவே இல்லை. வாய் அசையும், அவ்வளவுதான். நான் அவளுக்கும் சேர்த்து இரண்டு தடவை கத்துவேன்.

அன்று ராத்திரி விளக்கை அணைத்த பிறகு அவள் சொன்னாள். "வேலை போனாப் போகுதுடி. நாளைக்கு டவுன்ல போய் எடுத்துட்டு வந்துடறேன்."

மறுநாள் நானும் லீவு சொல்லிவிட்டுக் கூடப் போனேன். மாமா கடையை அடைத்துவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வருவதுபோல ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். டாக்டரம்மா அக்காவைப் பார்த்ததும், "எங்கேம்மா போயிட்டே இத்தனை நாளா?" என்று திட்டிக்கொண்டே சட்டைக் கையைச் சுருட்டச் சொன்னார். சுருட்டினாள். தோலுக்கடியில் குச்சியைத் தொட்டுப் பார்த்ததும் டாக்டரம்மா அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். டவுனில் இருந்த எல்லா ஆஸ்பத்திரிக்கும் எங்கள் கர்னல் போன மாதமே ஆள் அனுப்பி எச்சரித்திருந்தார். சிப்பாய்களின் கைக்குள் இருப்பது ராணுவத் தளவாடம், அதைத் தொடுகிறவர்கள் மேல் தளவாடம் திருடிய வழக்குப் பாயும் என்று.

"எனக்கும் குடும்பம் இருக்கும்மா," என்றார் டாக்டரம்மா. அவரால் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மாமா முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். "அது அவ கைதானேங்க?"

வாசலுக்கு வந்ததும் மாமா, "நானே வெட்டி எடுத்துடவா? கண்ணாடியவே கோணாம வெட்டறேன்," என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். சொல்லிவிட்டு அவரே அழுதுவிட்டார். அக்கா கைக்குட்டையை எடுத்து அவர் முகத்தைத் துடைத்தாள், "ரோட்டுல நின்னு என்ன இது, வாங்க, காபி குடிக்கலாம்," என்றாள்.

நீட்டித்த ஆயுசு ஒருநாள் முடிந்தது. படை சொன்ன சொல் தவறவில்லை, மறுநாள் காலையிலேயே எடுத்துவிட்டார்கள். பாண்டு வாசித்தது. கர்னல் தன் உரையில், "தனக்குன்னு ஒரு பொருளை ஒப்படைச்சா, அதைக் கண்ணும் கருத்துமா வச்சிருந்து, குறிச்ச நாள்ல திருப்பிக் குடுக்கறவதான் நல்ல சிப்பாய்," என்றார். நர்ஸ் கீறியது, எடுத்தது, கட்டுப் போட்டது எல்லாம் நிஜமாகவே டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. டிரேயில் கிடந்த அந்தக் குச்சியை அக்கா குனிந்து பார்த்தாள். "இத்தனூண்டா?" என்று மட்டும் கேட்டாள். நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அக்காவும் மாமாவும் சேர்ந்தாற்போல் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், வந்தார்கள், மறுபடி போனார்கள். குச்சி உள்ளே இருந்த காலத்தில் மாதவிலக்கு அவளுக்கு ஒழுங்காக வந்ததில்லை. குச்சியால்தான் என்று நினைத்திருந்தோம். எடுத்த பிறகும் வரவில்லை. டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார், ஸ்கேன் பார்த்தார். பிறகு இரண்டு பேரையும் உட்கார வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார். சிலருக்குச் சீக்கிரமே நின்றுவிடும். ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா பார்த்திருக்கலாம்.

வந்தோமே என்று மாமா சொல்லவில்லையாம். எழுந்து கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்களாம். அக்கா அறைக்கு வந்து, சட்டையை மடித்து வைத்து, என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். சத்தம் போட்டு, வாய்விட்டு. நான் அவளைக் கட்டிக்கொண்டு, இந்தப் படை நாசமாய்ப் போக என்று சபித்தேன். இன்னும் போகவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது.

எவ்வளவு நன்றாக என்றால், அந்த வருஷம் எங்கள் பிரிவுக்கு ஒரு கோப்பை கிடைத்தது. சேர்ந்தாற்போல் நான்கு வருஷம் ஒரு பெண் சிப்பாய்கூடக் கர்ப்பமாகாத ஒரே பிரிவு நாங்கள்தானாம். குடும்பங்களையும் அழைத்து விழா வைத்தார்கள். மாமாவும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

கர்னல் மைக்கைப் பிடித்தார். "இந்தச் சாதனைக்கு யார் காரணம்? நானா? இல்ல. பெண்கள். தங்கள் வாழ்க்கையைத் தாங்களே தீர்மானிச்ச நம்ம பெண்கள். அவங்கள்ல மூத்தவங்க, பொருளை எல்லாரையும்விட அதிக நாள் பராமரிச்சவங்க, வந்து கோப்பையை வாங்கிக்கணும்." டயர் அக்காவைக் கூப்பிட்டார்கள்.

பெரிய பித்தளைக் கோப்பை, நல்ல கனம். அக்கா இரண்டு கையாலும் வாங்கினாள். சல்யூட் அடிக்க வலது கை வேண்டுமே, அதனால் கோப்பையை இடது பக்கம் தள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அந்தக் கனத்தை வேறு எப்படியும் பிடிக்க முடியாது என்பது உண்மைதான். சல்யூட் அடித்து முடித்த பிறகும் அவள் அதை இறக்கவில்லை. கையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்படியே நின்றாள். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். சிரித்தாள். கீழே எங்கள் வரிசையில் ஒருத்தி விசும்பினாள், அப்புறம் இன்னொருத்தி. அணிவகுப்பில் அழுததற்காகப் பிறகு எங்கள் எல்லோருக்கும் தண்டனை கிடைத்தது.

"சார்," என்றாள் அக்கா. மைக் பக்கத்திலேயே இருந்ததால் எங்கள் வரிசை வரை கேட்டது. "இன்னைக்கு ஒரு நாள் இதை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகட்டுமா சார்? காலைல கொண்டாந்துடறேன்."

கர்னல் மனம்விட்டுச் சிரித்தார். "ஆசையப் பாரு! அது என் ரூம் அலமாரில இருக்க வேண்டியதும்மா." ஸ்டோர் சார்ஜென்ட் வந்து கையை நீட்டினார். அக்கா கொடுக்கவில்லை. அவர் இன்னொரு தடவை கேட்டார். மேஜரும் இறங்கி வந்தார். இரண்டு பேருமாகச் சேர்ந்து அவள் விரல்களை மெதுவாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

விழா முடிந்து கூட்டம் கலைந்தது. மாமா மரத்தடியில் நின்றார். தூரத்தில் உட்கார்ந்திருந்ததால் மேடையில் நடந்தது அவருக்குச் சரியாகத் தெரியவில்லை, கடைசி வரிசைக்கு மைக் சத்தமும் எட்டவில்லை. கை வீசிக்கொண்டு வந்த அக்காவைப் பார்த்து ஆவலாகக் கேட்டார்.

"என்னமோ குடுத்தாங்களே, எங்கே?"

"காட்டிட்டு வாங்கிக்கிட்டாங்க," என்றாள் அக்கா.